பேர் போட்ட காந்தம்

"பேரு வோணாம் சார். போன் நம்பர் மட்டும் போடுங்க, போதும்" என்றாள் சவுரியம்மாள்.

செல்வகுமாருக்கு எரிச்சல் வந்தது. திண்டிவனத்தில் பதினெட்டு வருஷமாகப் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறார். பேரை இன்னும் கொஞ்சம் பெரிசாகப் போடுங்கள் என்று உயிரை எடுப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறார். பேரே வேண்டாம் என்று ஒருவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறார்.

சவுரியம்மாள் மயிலம் பக்கத்து ஊர்க்காரி. வீட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைக்கிறாள். மகள் கலையரசி அதை ஸ்கூட்டியில் எடுத்துவந்து திண்டிவனத்தில் அறுபது வீடுகளுக்குப் போடுகிறாள். அதில் செல்வகுமார் வீடும் ஒன்று.

ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் அடித்துக் கொடுத்தால் இன்னும் நாற்பது வீடு பிடிக்கலாம் என்று அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். அந்த நாற்பது வீடு கிடைத்தால்தான் கலையரசியை விழுப்புரத்தில் நர்சிங் சேர்க்க முடியும்.

கடையின் இரும்பு பீரோ முழுக்க மாதிரிகள் ஒட்டியிருந்தன. சதுரம், நீளம், கேஸ் சிலிண்டர் வடிவம், பல் டாக்டருக்கு அடித்த பல் வடிவம். சவுரியம்மாள் ஒவ்வொன்றாகப் பிய்த்து ஒட்டிப் பார்த்துவிட்டு, இட்லி மாதிரி வட்டமாக இருந்ததை எடுத்தாள்.

"இது நல்லா புடிக்குது சார். கதவை அடிச்சி சாத்தினாலும் உழாது இல்ல?"

அதுவரை சிக்கலில்லை. பேரில் வந்துதான் நின்றது.

"பேர் இல்லாம அடிச்சா எவன் நம்புவான்? இன்னாம்மா, திருட்டுச் சரக்கா விக்கறீங்க?"

"வீட்டு மாவுன்னு மட்டும் போடுங்க சார்."

"அதெல்லாம் ஆவாது. உங்க பேரு, போட்டோ, தெரு மூணும் வரணும். அப்பதான் வியாபாரம் நிக்கும்."

சவுரியம்மாள் தயங்கினாள். "எங்க தெருப் பேரைப் பார்த்தாலே நாங்க இன்ன ஆளுங்கன்னு தெரிஞ்சிடும் சார். எம் பேரும் அப்படித்தான். மாவு போடப் போற இவ பேரு கலையரசி, எல்லாரும் வெக்கற பேரு. அதனால இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கல."

செல்வகுமார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த மாதிரி விஷயம் பேச அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

"எந்தக் காலத்துலம்மா இருக்கீங்க? ஒரு வருஷமா உங்க மாவைத்தான் துன்னுக்கினு இருக்கேன், எனக்கு இன்னா ஆயிடுச்சி? நீங்க இப்படி ஒளிஞ்சிக்கினே இருந்தா நாளைக்கு உங்க பொண்ணும் ஒளியும். தைரியமா பேரைப் போடுங்க. எவன் கேக்கறான்னு பார்த்துடலாம்."

கலையரசியின் முகம் மலர்ந்துவிட்டது. "சார் சொல்றது கரெக்ட்டும்மா. நீதான அரைக்கிற. உம் பேரைப் போட்டா இன்னா?"

சவுரியம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சரி என்று தலையாட்டினாள். அடித்த பிறகு தப்பு சொல்லக் கூடாது என்பதற்காக டிசைன் தாளில் கையெழுத்து வாங்குவது அந்தக் கடை வழக்கம். அதிலும் போட்டுக் கொடுத்தாள்.

காந்தம் தயாரானதும் முதல் ஒன்றைச் செல்வகுமாரே தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். "நம்ம ஃப்ரிட்ஜ்லதான் மொதல்ல ஒட்டணும்" என்று மனைவி வெண்ணிலாவிடம் கொடுத்தார். அன்றைக்கு முழுக்க அவருக்குத் தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அம்மாவும் மகளும் மறுபடி கடைக்கு வந்தார்கள்.

"வேற அடிச்சித் தரணும் சார். பேர் இல்லாம."

"ஏன், என்னாச்சு?"

"காந்தம் குடுத்த பழைய வீட்லயே இருபத்தேழு நின்னுபோச்சு சார். சில பேரு மாவு புளிக்குதுன்னாங்க. சில பேரு ஊருக்குப் போறோம்னாங்க. ஒரு வீட்ல காந்தத்தைக் கையிலயே திருப்பிக் குடுத்துட்டாங்க."

கலையரசி மிச்சக் காந்தங்களைப் பையோடு மேஜைமேல் வைத்தாள். நர்சிங் சேரக் கடைசித் தேதி முந்தாநாளோடு முடிந்திருந்தது.

செல்வகுமாருக்கு ரத்தம் கொதித்தது. அதில் நடிப்பு ஒன்றும் இல்லை, நிஜமாகவே கொதித்தது. பைக் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மனுஷங்களா இவங்கள்லாம்? எந்தெந்த வீடுன்னு சொல்லுங்க. நேராப் போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

"வோணாம் சார். பேஜாரு. உடுங்க."

"எப்படிம்மா உட முடியும்? பேரைப் போடச் சொன்னது நானு. இன்னிக்குக் காலைலகூட எங்க வீட்ல உங்க மாவு தோசைதான். நான் துன்றேன், இவங்களுக்கு இன்னா கேடு? எல்லா வீடும் வேணாம். மொதல்ல நிறுத்தினது யாரு, அதை மட்டும் சொல்லுங்க."

சவுரியம்மாள் மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் கலையரசியால் பொறுக்க முடியவில்லை.

"உங்க வீடுதான் சார். நீங்க காந்தம் எடுத்துக்கினு போன மறுநாளே மேடம் போன் பண்ணாங்க. இனிமே கேட்டாண்ட வராதன்னாங்க. நீங்க இப்ப துன்றது கடை மாவு."

"சொல்லாதன்னு சொன்னேன் இல்ல" என்று சவுரியம்மாள் மகளை அதட்டினாள். பிறகு செல்வகுமாரிடம் தணிந்த குரலில் சொன்னாள். "சின்னப் பொண்ணு சார், மனசுல வெச்சிக்காதீங்க. நீங்க நல்ல எண்ணத்துலதான் சொன்னீங்க."

செல்வகுமார் சாவியும் கையுமாக நின்றார். பைக் வாசலிலேயே இருந்தது. அவர் வீடு அங்கிருந்து ஐந்து நிமிஷம்தான்.

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் பழைய டிசைனைத் திறந்தார். அவர்கள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"பேரை மட்டும் எடுத்தா போதுமா, தெருவையும் எடுத்துடணுமா?"