வைகாசி மூடுபனி

"என்னங்க, ஹாஸ்டல் ஜன்னல் பூரா மூடுபனி பிடிச்சிருக்கு. மாடி ரூம்ல ஒண்ணுமே தெரியலை" என்றாள் பேட்ரிசியா.

வெளியே பாலக்கரை ரோட்டில் வைகாசி வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. செங்கல் சூளையிலிருந்து அப்போதுதான் வந்த செபஸ்தியான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி, ஜன்னலில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தான்.

ஹாஸ்டல் இருந்தது அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல். உயரம் இரண்டு சாண். அட்டையில் அவன் கையாலேயே செய்த மாதிரிக் கட்டடம்.

வெளியூரிலிருந்து படிக்க வரும் பெண்களுக்காகப் புத்தூரில் சாரா பீவி கட்டப்போகிற ஹாஸ்டல் அது. இதுவரை மதில் சுவரும் மாட்டுக்கொட்டகையுமே கட்டிவந்த செபஸ்தியானுக்கு இந்த வேலை கிடைத்தால், வாசலில் கான்ட்ராக்டர் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம். போட்டிக்கு ஒரே ஆள், கன்டோன்மென்ட் சகாயநாதன்; அவனும் ஒரு மாதிரி செய்து காட்டியிருந்தான்.

"நேத்து கண்ணாடி மாதிரி இருந்துச்சே?"

"ட்யூப் பசை காயறதுக்குள்ள கூரையை வச்சு மூடிட்டீங்க. அந்த நெடி வெளிய போக வழியில்லாம ஜன்னல்லயே படிஞ்சிருச்சு. மோந்து பாருங்க, இன்னும் நகப்பூச்சு வாடை அடிக்குது."

அவன் மோந்து பார்த்தான். அடித்தது.

"இன்னொண்ணு" என்று தயங்கினாள் பேட்ரிசியா. "காலையில சாரா பீவி இந்தப் பக்கம் வந்தவங்க, எட்டிப் பாத்துட்டுப் போனாங்க."

"இதையா பாத்தாங்க?"

"ஒவ்வொரு ஜன்னலாக் குனிஞ்சு பாத்தாங்க. நம்மளதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. நாளைக்கு வந்து முடிவு சொல்றேன்னாங்க."

"சகாயநாதன் செஞ்சதைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"கட்டில்ல விரிச்ச போர்வைகூட ரோட்டுலேருந்தே தெரியுதுன்னாங்க."

"போச்சு" என்று நாற்காலியில் சாய்ந்தான் செபஸ்தியான்.

சாய்ந்தவன் உடனே எழுந்தான். ஈரத்துணியால் துடைத்தான், மங்கல் அசையவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவினான். தெளிந்தது. ஆனால் ரோட்டுத் தூசி வந்து எண்ணெயில் ஒட்ட, ஜன்னலுக்கு ஜன்னல் மீசை முளைத்தது.

"எல்லாத்தையும் பிச்சுருவோம்" என்றாள் பேட்ரிசியா.

ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று கழித்த எக்ஸ்ரே பிலிம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைச் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, எலும்பும் நிழலும் போகத் தேய்த்துக் கழுவினாள். அவன் ஜன்னல் அளவுக்கு நறுக்கிக் கொடுத்தான்.

இந்த முறை ட்யூப் பசையை அவள் பக்கத்திலேயே வரவிடவில்லை. கருவேலம் பிசினைக் கரைத்து, கொண்டை ஊசி நுனியில் தொட்டு, ஓரத்தில் மட்டும் பூசி ஒட்டினாள். கூரையைத் திறந்தே வைத்து, காயும்வரை அவன் விசிறியால் வீசினான்.

"எனக்கு ஒருநாளாவது இப்படி வீசியிருக்கீங்களா?" என்று கேட்டாள் அவள். அவன் விசிறியை ஒரு தடவை அவள் பக்கம் திருப்பிவிட்டு, மறுபடி ஹாஸ்டலுக்கே வீசினான்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் சாரா பீவியின் ஜட்கா வாசலில் வந்து நின்றது. செபஸ்தியான் கட்டடத்துக்குள் ஒரு டார்ச் விளக்கையே போட்டு வைத்திருந்தான். தீக்குச்சிக் கட்டில், மேஜை, குளியலறையில் புளியங்கொட்டை அளவு வாளி, எல்லாம் ஜொலித்தன.

சாரா பீவி குனிந்தார். ஒரு ஜன்னல் பார்த்தார், அடுத்த ஜன்னல் பார்த்தார், பின்பக்கமாகப் போய் குளியலறை ஜன்னலையும் பார்த்தார்.

"நல்லாத் தெரியுதுங்களாம்மா?" என்றான் செபஸ்தியான் பெருமையாக.

"தெரியுது தம்பி. வாளி வரைக்கும் தெரியுது."

பேட்ரிசியா கணவனைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். சாரா பீவி நிமிர்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பெருமூச்சு விட்டார்.

"வயசுப் புள்ளைங்க தங்கப்போற இடம். நேத்துப் போட்டிருந்தீங்களே மங்கல் கண்ணாடி, அதுக்காகத்தானே தம்பி வேலைய உங்களுக்கே குடுக்கலாம்னு வந்தேன்?"