தேறாத கையேடு

“பம்ப் சூடாகுது. உடனே என்ன செய்யணும்? புத்தகத்துல தேடி எடுங்க, ஷவ்கி அண்ணே.”

கடிகாரத்தை அமுக்கினேன்.

பம்ப் அறை ஷவ்கி கையேட்டைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பொருளடக்கத்தை அப்படியே தாண்டி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே இருந்த என் பெயரை வெகு அக்கறையாகப் படித்தார்.

“கிடைக்கல உஸ்தாத்.”

“பரவாயில்லண்ணே. நான் சோதிக்கிறது உங்களை இல்ல, புத்தகத்தை” என்று சிரித்தேன். இந்தத் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பது அந்தச் சிரிப்பைத்தான். வயிறு எரிவது வெளியே தெரியக்கூடாது.

அடுத்து, பரிசோதனைக் கூடத்து அவாத்திஃப் அக்கா. அதே கேள்வி.

“படமெல்லாம் அழகா இருக்கு உஸ்தாத். ஆனா கிடைக்கல. ஆமா, வீட்டுல எப்படி இருக்காங்க? பிரசவம் எப்பன்னு சொன்னாங்க?”

“பெருநாள் முடிஞ்சு, அக்கா.”

“அதுவரைக்கும் கனமா எதையும் தூக்க விடாதீங்க. இந்தப் புத்தகத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

மத்ரூஹ் கடற்கரையில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு தனியார் நிலையம் எங்களுடையது. அதற்கு ஒரு கையேடு எழுதி, வடிவமைத்து, அங்கே வேலை செய்கிறவர்களை வைத்தே சோதித்துக் கொடுக்க என்னைக் கெய்ரோவிலிருந்து ஒப்பந்தத்தில் கூட்டி வந்திருந்தார் டைரக்டர் நஷ்அத்.

“புத்தகம் தேறட்டும் லபீப். வேலையை நிரந்தரமாக்கிடுவோம்” என்று தோளில் தட்டியிருந்தார்.

புத்தகம் தேறினால்தானே!

டைரக்டர் உதட்டைப் பிதுக்கியபடி ஒப்பந்தத்தை இன்னும் கொஞ்ச நாளுக்கு நீட்டித்தார். நான் உட்கார்ந்து திருத்தினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். ஓரங்களில் வண்ணப்பட்டை அடித்தேன். மறுபடி சோதனை. மறுபடி “கிடைக்கல உஸ்தாத்.”

ரோஷம் வந்துவிட்டது. இவர்களுக்கு மூளை இவ்வளவுதான், நாம்தான் இறங்கி வரவேண்டும் என்று முடிவுகட்டினேன். ஒரு புத்தகத்தை இரண்டாகப் பிரித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ‘அந்தப் பக்கம் பார்க்கவும்’ என்று அம்புக்குறி போட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஓர் அம்பு. குறியீடுகளுக்கு ஓர் அட்டவணை. அந்த அட்டவணையைப் படிக்க ஒரு விளக்கம். கெய்ரோவில் என் நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்பி, பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

இதற்கு நடுவே எனக்குப் பெண் பிறந்தாள். ஏழாம் நாள் விழா முடிந்ததும், வழக்கப்படி மிட்டாயும் கடலையும் போட்ட குட்டிப் பைகளை நிலையத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன். ஷவ்கி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். இவ்வளவு நல்ல மனிதருக்கு ஒரு பக்கம் தேட வரவில்லையே என்று எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

டைரக்டர் மட்டும் பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

“நாளைக்குக் கடைசிச் சோதனை லபீப். அதுலயும் தேறலைன்னா புத்தகம் குப்பைக்கு, நீங்க கெய்ரோவுக்கு. உங்களைப் பத்தி யாராவது கேட்டா, நான் உள்ளதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.”

கைக்குழந்தையோடு, கெட்ட பெயரோடு எங்கே போய் வேலை கேட்பது? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் ஷவ்கியையும் அவாத்திஃப் அக்காவையும் சேர்த்தே உட்கார வைத்தேன். கடிகாரத்தை அமுக்கினேன்.

“பம்ப் சூடாகுது...”

இந்த முறை ஷவ்கி கண்ணாடியைத் துடைக்கவில்லை. பாய்ந்து திறந்தார். ஓர் அம்பைப் பிடித்துப் போனார். அங்கிருந்து இரண்டாவது புத்தகத்துக்குத் தாவினார். அங்கிருந்து அட்டவணை. அங்கிருந்து மறுபடி முதல் புத்தகம். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அவாத்திஃப் அக்கா பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, “இப்படித் தாங்க” என்று பிடுங்கி அவரும் புரட்டினார்.

நேரம் முடிந்தது.

என்னால் அடக்க முடியவில்லை. “நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்? இத்தனை மாசமா ஒரு பக்கத்தைக்கூடவா தேடி எடுக்க முடியல?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கோவிச்சுக்காதீங்க உஸ்தாத்” என்றார் அவாத்திஃப் அக்கா. “முதல்ல ஒண்ணு கொண்டுவந்தீங்களே, தங்கமான புத்தகம். அன்னிக்கே எல்லாம் கைக்குக் கிடைச்சுது. ஒரு படி எடுத்து வச்சிருக்கோம், இன்னிக்கும் அதைப் பார்த்துத்தான் பிளாண்டை ஓட்டறோம்.”

“அப்புறம் ஏன் கிடைக்கலைன்னு...?”

“வேற எதுக்கு? இங்க ஒப்பந்தத்துல வந்தவங்களுக்கு, வேலை முடிஞ்ச அன்னிக்கே டிக்கெட்டைக் கையில குடுத்துடுவாங்க. நிரந்தரம்னு டைரக்டர் எல்லாருக்கும்தான் சொல்வாரு. நிறைமாசப் பொண்டாட்டியோட உங்களை எப்படி அனுப்பி வைக்க மனசு வரும்? பிள்ளை பிறந்து ஏழாம் நாள் முடியட்டும்னு இருந்தோம்.”

இத்தனை நாளும் நான் மூளை இல்லாதவர்கள் என்று நினைத்தது இவர்களைத்தான்.

“சரிக்கா, குழந்தை பிறந்தாச்சு. இன்னிக்காவது தேற விட்டிருக்கலாமே?”

ஷவ்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“தேற வைக்கணும்னுதான் உக்காந்தோம் உஸ்தாத். ஆனா அல்லாஹ் மேல ஆணையா, இன்னிக்குத்தான் நிஜமாவே கிடைக்கல!”