முல்தானி மட்டியின் இருபது நிமிடம்

பன்னீரில் குழைத்த முல்தானி மட்டிக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. காந்திமதியின் முகத்தில் இருபது நிமிடம் விரிசல் இல்லாமல் காய வேண்டும். நான்கு வெள்ளிக்கிழமைகள் அது நடக்கவில்லை. நான்கு முறையும் அவள் பாதியில் வாய் திறந்து பேசி, பூச்சை வெடிக்க வைத்துவிட்டாள்.

ஐந்தாம் வெள்ளிக்கிழமை காந்திமதி உதட்டை இறுக்கிக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்தாள்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்று கேட்டது மட்டி.

"மூணு" என்றது கண்ணாடி.

"இப்போ?"

"அதே மூணுதான். சும்மா இருடி."

"போன் வந்தா எடுப்பாளோ? குக்கர் கத்தினா எழுந்துக்குவாளோ?"

போன் இரண்டு முறை அடித்தது. குக்கர் மூன்று முறை கத்தியது. காந்திமதி அசையவில்லை. மட்டிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நெற்றியில் நெளிந்தது, தாடையில் நெளிந்தது.

பத்தொன்பதாம் நிமிடம், "இன்னும் ஒண்ணே ஒண்ணு!" என்று கத்தியது. கத்திய வேகத்தில் மூக்கோரம் தொடங்கிக் காது வரை வெடித்தது.

"இன்னைக்கு அவ வாயே திறக்கலையே" என்றது கண்ணாடி.



"மூச்சு விட்டாளே, அதைப் பார்க்கலையா நீ?" என்றது மட்டி.