தவசிக்கு வராத கூட்டம்

கல்லூரிப் பேருந்துக்காக நின்றிருந்த யாழினியை யானை மிதித்துக் கொன்றதும், எஸ்டேட்டே சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. கடைகளை அடைத்தார்கள். கலெக்டர் வந்து கைகூப்பினார். சாலைத் திருப்பம்தோறும் அவள் சிரிக்கும் படம்.

மரகதமும் உட்கார்ந்திருந்தாள். போன மழைக்காலத்தில் அவள் மகன் தவசியையும் யானைதான் அடித்தது. "குடிச்சிட்டுக் குறுக்க போயிருப்பான்" என்றார்கள். எடுப்பதற்கு நாலு பேர் சேரவே பொழுது சாய்ந்துவிட்டது. இன்று எழுந்த ஒவ்வொரு கோஷமும் அவள் வயிற்றை எரித்தது. செத்துப்போன பிள்ளைமேல் பொறாமைப்படுகிறோமே என்று கூசினாள். அப்படியும் எரிச்சல் அடங்கவில்லை.

யாழினியின் உடலோடு ஆம்புலன்ஸ் வந்தபோது அவள் அம்மா பூங்கோதை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே மரகதத்திடம் வந்து மடியில் விழுந்தாள்.

"தவசி போனப்ப நான் வரலியேக்கா..."

பரவாயில்லை என்று சொல்லத்தான் மரகதம் வாயெடுத்தாள்.

"வந்திருக்கலாம் பூங்கோதை" என்றாள். "நீயாவது வந்திருக்கலாம்."

பக்கத்தில் கோஷம் போட்டவர்கள் நிறுத்திவிட்டார்கள். பூங்கோதை முகத்தை எடுக்கவில்லை. மரகதத்தின் கை அவள் தலைக்கு மேலே போய், தொடாமல் நின்றது.