பதினாலாவது வளைவு

“அவ வரமாட்டான்னு எனக்கு நேத்தே தெரியும்” என்றாள் டிரைவர். ஆம்புலன்ஸ் ஓட்டிப் பழகிய கை. இன்றைக்கு அந்தக் கையில் வாடகைக்கு எடுத்த, உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்ளும் கேம்பர் வேன்.

“இருபது வருஷமா ஆத்தைப் பாக்கணும், ஆத்தைப் பாக்கணும்னு நம்ம உயிரை வாங்கினதே அவதான்” என்றாள், பின்னால் வேனின் அடுப்பு மேடையோரம் உட்கார்ந்திருந்த டெய்லர். “கிளம்புற நேரத்துல போன் பண்ணி, லீவு கிடைக்கலையாம். நல்லா இருக்கு கதை.”

டீச்சர் மடியில் விரித்திருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது மேப் வரைந்த படம். சர்வே ஆபீசில் வரைபடம் வரைகிறவளுக்குத் தோழிகள் வைத்த பெயர் மேப். மலையை அறுத்துக்கொண்டு ஓடும் இந்த ஆற்றைத் தாளில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறாள். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘பதினாலாவது வளைவு. நாலு மணிக்குப் போய்ச் சேரவும். இடது பக்க ஜன்னல்.’

“உங்கம்மாவை விட்டுட்டு வர முடியலன்னு நீ சொல்லியிருந்தா அது நியாயம். அவளுக்கு என்ன, பிள்ளையா குட்டியா?” என்றாள் டெய்லர்.

நினைக்க நினைக்க டீச்சருக்கும் எரிச்சலாக இருந்தது. அம்மாவுக்கு எல்லாமே மறந்துபோகும். பெற்ற மகளையே “நீ யாரும்மா?” என்பாள். கண் அசந்தால் வாசலைத் தாண்டிப் போய்விடுவாள். ஆறு வருஷமாக டீச்சர் எங்கேயும் நகர்ந்ததில்லை.

போன வாரம் மேப்தான் ஓடி வந்தாள். “நம்பிக்கையான ஆளா ஒரு பொம்பளையைப் பிடிச்சிட்டேன்டி. ஒரு வாரம் கூடவே தங்கிப் பாத்துக்குவா. அவ ஏழு மணிக்குத்தான் வருவா, அதுவரைக்கும் எதிர்வீட்டு அக்கா இருக்கட்டும். நாம விடியும்போதே கிளம்பிடலாம்.”

இவளைக் கிளப்பிவிட்டு, தான் மட்டும் கழன்றுகொண்டாள்.

பதினாலாவது வளைவில் வேன் மெல்லத் திரும்பியது. செம்பாறை இரண்டு பக்கமும் செங்குத்தாக நின்றது. அடியில் பச்சையாய் ஆறு. சாய்ந்த வெயில் பட்டு இடது பக்கப் பாறை முழுக்கத் தகதகத்தது.

“இதைப் பாக்க அவளுக்குக் குடுத்து வைக்கலையே” என்றாள் டெய்லர். குரலில் இப்போது கோபம் இல்லை.

டீச்சருக்கு ஏனோ அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. வேனை ஓரம் கட்டச் சொல்லி, சிக்னல் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மாவே எடுத்தாள்.

“அம்மா, சாப்பிட்டியா? வந்த பொம்பளை நல்லா பாத்துக்குறாளா?”

“தங்கமான பொண்ணும்மா. தலை வாரிவிட்டுச்சு, கதையெல்லாம் சொல்லுச்சு. ஆனா கொஞ்சம் ஒரு மாதிரி. சுவத்துல ஏதோ ஆத்துப் படத்தை ஒட்டி வச்சுக்கிட்டு, கடிகாரத்தையும் அதையும் மாத்தி மாத்திப் பாக்குது. எனக்கு என்ன தெரியும், என்கிட்டப் போயிக் கேக்குது: ‘இந்நேரம் பதினாலாவது வளைவுக்கு வந்திருப்பாளுங்க, இடது பக்க ஜன்னல்ல உக்காந்திருப்பாளுங்களாம்மா?’ன்னு.”