கங்கையா மலை ஏறவில்லை

கங்கையா வீட்டில் விழுந்த அந்தச் சாவை உமாபதி பல வருஷமாக நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

திருப்பதியில் ஓர் அறக்கட்டளை, ஆந்திர ராஜ்யத்துப் பிள்ளைகளில் வருஷத்துக்கு ஒருவனை லண்டனுக்குப் படிக்க அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் தேர்வானவன் சந்திரகிரி கங்கையா. அவனுக்கு அடுத்த இடம் திருத்தணி உமாபதிக்கு. இருவருக்கும் விடுதியில் ஒரே அறை.

உமாபதிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. எல்லைத் தகராறு தீர்ந்து, ஏப்ரலில் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்கிறது; அப்புறம் அவன் ஆந்திரப் பிள்ளை இல்லை. ஊரே பட்டாசு வெடித்தது. அவனுக்கு மட்டும் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை.

விடுதியில் கேலி வேறு. “இன்னா உமாபதி, உங்க ஊரு ஜெயிச்சிடுச்சு, நீ தோத்துட்டியே.”

கங்கையா மட்டும் சிரிக்கவில்லை.

அறக்கட்டளையில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வானவன் மலை ஏறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தால்தான் உத்தரவைக் கையில் கொடுப்பார்கள். மலைக்குக் கிளம்ப வேண்டிய நாள் காலையில் கங்கையா செயலாளரிடம் போய் நின்றான். தன் ஒரே சித்தப்பா காலமாகிவிட்டார், வருஷம் முடியும்வரை மலை ஏறக்கூடாது என்றான். செயலாளர் உச்சுக்கொட்டினார்.

உமாபதி மலை ஏறினான்.

“அடுத்த வருஷம் நான் வரேன்டா. எங்க சந்திரகிரி எங்கயும் போயிடாது” என்றான் கங்கையா.

துக்கத்துக்கென்று ஊருக்குப் போயிருந்த கங்கையா ரயிலடிக்கு வழியனுப்ப வந்தபோதுதான் உமாபதி கவனித்தான். அதற்குள் கருமாதி முடிந்திருக்க வேண்டும். கருமாதியில் பங்காளிகள் மீசை எடுப்பார்கள். கங்கையாவின் மீசை எண்ணெய் பளபளக்க முறுக்கிக்கொண்டு நின்றது.

கேட்க வாயெடுத்தான். வண்டி நகர்ந்துவிட்டது.

லண்டன் குளிரில் அவனாகவே ஒரு பதில் கண்டுபிடித்தான். கங்கையாவுக்குக் கப்பல் பயம். சாவைச் சொல்லித் தப்பித்துக்கொண்டான். ஆனால் பயந்தவன் முகமா ரயிலடியில் அப்படி மலர்ந்திருந்தது? ஒருவேளை தெலுங்குக்காரர்கள் வீட்டில் மீசை எடுக்கிற வழக்கமே இல்லையோ? ஒரு நாள் கோழை என்று நினைப்பான். மறுநாள், துக்க வீட்டுக்காரனைச் சந்தேகிக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொள்வான்.

படிப்பு முடிந்து திரும்பியதும் சந்திரகிரிக்குப் போனான். கங்கையா உள்ளூர்ப் பள்ளியில் வாத்தியார். அடுத்த வருஷம் யாரோ வேறு பிள்ளை லண்டன் போனானாம். குறைபட்டுக்கொள்ளாமல் சொன்னான்.

உமாபதி மெல்ல ஆரம்பித்தான். “நெஜத்தைச் சொல்லு. உனக்குக் கப்பல்னா பயம்தானே?”

“ஆமாண்டா, பயந்தாங்கொள்ளிதான். விடு” என்று சிரித்தான் கங்கையா.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வேகவைத்த வேர்க்கடலையோடு வந்தார். கங்கையாவின் சிரிப்பு நின்றது.

“ஏமிரா கங்கையா, லண்டன் போன திருத்தணிப் புள்ள இதானா? உன் சித்தப்பன் ஒருத்தன் வீட்ல இருக்கேன், எனக்குக் காட்ட மாட்டியா?”

உமாபதி எழுந்து அவர் காலைத் தொட்டான். கால் வெதுவெதுப்பாக இருந்தது.

நிமிர்ந்து கங்கையாவைப் பார்த்துக் கேட்டான்.

“குத்துக்கல்லாட்டம் இருக்கிற மனுஷனை எனக்காக ஏண்டா சாகடிச்ச?”