பறவை பார்க்க வாங்கிய லென்ஸ்

மூட்டை தூக்கிய தோள் விண்ணென்று வலித்தும், அவர் கேமராவில் புது லென்ஸை மாட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினார்.

"கொக்கு பாக்க இவ்ளோ பெரிய குழாயா? பழைய லென்ஸுக்கு என்ன கேடு?" என்றாள் மனைவி.

"தூரத்துல இருக்கறது தெளிவா விழல."

"மூட்டை ஏத்துற வண்டியை வித்து வாங்குனீங்களே, ஒரு பறவைப் படமாவது காட்டுனீங்களா?"

"இப்பதானே பழகறேன்."

நம்பாமல் அவள் பின்தொடர்ந்தாள். லென்ஸ் தண்ணீர்ப் பக்கமே திரும்பவில்லை. எதிர்க்கரை மாடி வீட்டையே குறி பார்த்தது.

"எவ அவ? இந்த வயசுல உங்களுக்கு..." கேமராவைப் பிடுங்கிக் கண்ணில் வைத்தாள்.

மாடியில் அவர்கள் மகள் நின்றாள். இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்டாள் என்று அம்மாவே வெளியே தள்ளிக் கதவடைத்த மகள். இடுப்பில் குழந்தை.

"பழைய லென்ஸ்ல பேரன் முகம் தெரியல," என்றார்.

அவள் கேமராவைத் திருப்பித் தரவில்லை. மகளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.